லவுஞ்சில் ஸ்பீக்கர் போட்டு ரீல்ஸ் பார்ப்பவரிடம் யார் போய்ச் சொல்வது?

ஜன்னல்சீட்:
பெங்களூரு மதுரை என்று அடிக்கடி பறக்கிற ஆள் நான். போன வாரம் ஃப்ளைட் தாமதம், விமான நிலைய லவுஞ்சில் மாட்டிக்கொண்டேன். எந்த லவுஞ்ச் என்று கேட்காதீர்கள், எங்கே போனாலும் இதே கதைதான். பக்கத்து சோபாவில் ஒருவர் ஸ்பீக்கரில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தார். ஒன்றையாவது முழுசாகப் பார்க்கிறாரா என்றால் அதுவும் இல்லை. கொஞ்சம் தவில், நடுவில் யாரோ பங்குச்சந்தை பற்றிக் கத்துகிறார், உடனே ஒரு பதிவு செய்த சிரிப்பு, மறுபடி தவில். எதிரே ஒரு அம்மா வீடியோ காலில், பால்காரருக்குக் கணக்கு தீர்த்தாச்சா என்று வீட்டை விசாரித்துக்கொண்டிருந்தார். கவுண்டரில் இருந்த பையன் இரண்டு பேரையும் பார்த்தான், பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தான்.

கர்நாடகத்தில் அரசு பஸ்ஸிலேயே இதற்குத் தடை இருக்கிறது. உயர் நீதிமன்றம் வரை போன விஷயம், 2021 நவம்பரில் சுற்றறிக்கை வந்தது. ஸ்பீக்கரில் பாட்டோ வீடியோவோ போட்டால் கண்டக்டர் நிறுத்தச் சொல்லலாம், கேட்காவிட்டால் இறக்கிவிடலாம். பஸ்ஸில் முடிகிறது, லவுஞ்சில் ஏன் முடியாது? வாசலில் ஒரு போர்டு, உள்ளே அதைச் சொல்ல ஒரு ஆள். இதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

சுக்குகாப்பி:
லவுஞ்ச் என்ன கர்ப்பக்கிரகமா? இட்லியும் காபியும் சாப்பிடுகிற இடம். தட்டு உருளும், காபி மெஷின் உறுமும், டிவி ஓடும். அதெல்லாம் சத்தம் இல்லை, கைபேசி மட்டும்தான் சத்தமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். முன்னெல்லாம் லவுஞ்சுக்குள் பிசினஸ் கிளாஸ்காரர்கள்தான் போவார்கள். அவர்கள் காதில் ப்ளூடூத்தை மாட்டிக்கொண்டு, நடந்துகொண்டே, ஊருக்கே கேட்கிற மாதிரி 'டார்கெட்', 'டெலிவரி' என்று முழங்கினார்கள். அப்போது யாரும் இப்படி இழை தொடங்கவில்லை. இப்போது டெபிட் கார்டைத் தேய்த்து, இரண்டு ரூபாய் கழித்துக்கொண்டு சாதாரண ஆளையும் உள்ளே விடுகிறார்கள். சிவாஜிநகர்க்காரர் அம்மாவோடு வந்து உட்கார்ந்து பேரனுக்கு வீடியோ கால் போடுகிறார். உடனே நாகரிகம் போச்சு என்கிறோம்.

ஜன்னல்சீட்:
சுக்குகாப்பி சார், நானும் அதே டெபிட் கார்டில் உள்ளே போகிறவன்தான். ரீல்ஸ் பார்த்தவர் மடியில் லேப்டாப், கையில் நல்ல வாட்ச். இதில் ஏழை பணக்காரன் எங்கே வந்தது? கார்டில் வருகிறவர்களால் லவுஞ்ச் வரிசை நீளமாகிவிட்டது என்று நான் எழுதவே இல்லையே.

சுக்குகாப்பி:
நீங்கள் எழுதவில்லை. ஆனால் நீங்கள் கேட்கிற அந்த 'ஆள்' வந்தால் யாரிடம் முதலில் போவார் என்று நினைக்கிறீர்கள்? லேப்டாப்பில் மீட்டிங் நடத்துகிறவரிடமா, வேட்டி கட்டிய தாத்தாவிடமா?

இந்திராநகர்_மாமி:
தாத்தா பேச்சு வந்ததால் சொல்கிறேன். என் அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காதுக் கருவி வைத்திருக்கிறார். போனைக் காதோடு ஒட்டினால் அந்தக் கருவி 'கீ'யென்று விசில் அடிக்கும். அதனால் கையில் போனைத் தட்டாகப் பிடித்து ஸ்பீக்கரில்தான் பேசுவார். போனோடு நேராக இணைகிற கருவிகளும் கிடைக்கின்றன, விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். அவரைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் முறைப்பார். முறைப்பவர் பெரும்பாலும் இளைஞர், காதில் பெரிய ஹெட்ஃபோன் வேறு மாட்டியிருப்பார்! இவருக்கு எதற்குக் கேட்கிறது என்று எனக்குப் புரிவதே இல்லை.

ரீல்ஸ்காரரை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் 'ஸ்பீக்கர் கூடவே கூடாது' என்று போர்டு வைத்தால் முதல் அடி அப்பாவுக்குத்தான்.

ஓசூர்_எல்லை:
மாமி, உங்கள் அப்பா இரண்டு நிமிஷம் பேசுவதை யாரும் குறை சொல்லவில்லை. இதில் கொஞ்சம் அறிவியலும் இருக்கிறது, காது சம்பந்தப்பட்ட வேலையில் இருப்பதால் எழுதுகிறேன்.

போனில் ஏன் எல்லாரும் கத்துகிறார்கள்? ஒன்று, பழைய லேண்ட்லைனில் நம் குரலே கொஞ்சம் ரிசீவர் வழியாக நம் காதில் கேட்கும். அதை வைத்து நாமே அளவாகப் பேசுவோம். கைபேசியில் அது மிகக் குறைவு. இரண்டு, சுற்றிலும் சத்தம் கூடினால் நமக்குத் தெரியாமலே குரல் உயரும். எட்டியென் லம்பார்டு என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911லேயே இதை எழுதி வைத்துவிட்டார். அதாவது லவுஞ்சில் ஒருவர் சத்தமாகப் பேசினால் பக்கத்து மேஜை அதற்கு மேல் போகும், அடுத்த மேஜை அதற்கும் மேலே. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை.

அடுத்தவர் போன் பேச்சு ஏன் நம்மை இவ்வளவு வாட்டுகிறது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2010இல் செய்தது. இருவர் பேசுவது முழுசாகக் கேட்டால் மூளை அதை ஒதுக்கிவிடுகிறது. ஒருவர் பேசுவது மட்டும் கேட்டால், மறுபக்கம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகித்துக்கொண்டே இருக்கிறது. கவனம் தேவைப்பட்ட வேலைகளைச் செய்யச் சொன்னபோது, பாதிப் பேச்சைக் கேட்டவர்கள்தான் தடுமாறினார்கள்.

சுக்குகாப்பி:
அப்படிப் போடு! அப்படியென்றால் ஸ்பீக்கரில் போட்டு இரண்டு பக்கத்தையும் எல்லாருக்கும் கேட்கவைப்பதுதான் மரியாதை. எதிரே இருந்த அம்மா ஜன்னல்சீட்டுக்கு உபகாரம்தான் செய்திருக்கிறார். பால்காரர் கணக்கு தீர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் தவிக்காமல் பார்த்துக்கொண்டாரே.

ஓசூர்_எல்லை:
சிரித்துவிட்டேன். வாதம் சரியாகத்தான் வருகிறது. ஆனால் அது பேச்சுக்கு, ரீல்ஸுக்குப் பொருந்தாது. தொடர்ந்து ஓடுகிற சத்தம் காதுக்குப் பழகிவிடும், ஏசி ஓடுவது நமக்குக் கேட்பதில்லை. சட்டென்று மாறுகிற சத்தம் பழகாது. ரீல்ஸ் முழுக்க மாற்றம்தானே. அதற்கு மேல் போன் ஸ்பீக்கர் கடுகளவு, கனமான ஒலி அதில் வராது, கீச்சென்ற பகுதிதான் வரும். நம் காது ரொம்பக் கூர்மையாக இருப்பதும் அந்தப் பகுதியில்தான்.

மூணாவது_கேட்:
நான் கொஞ்ச காலம் ஒரு விமான நிலைய லவுஞ்சில் முன்மேசையில் இருந்தவள். கம்ப்யூட்டரைப் பார்த்த அந்தப் பையனுக்காக எழுதுகிறேன்.

முன்மேசை வேலை என்பது கார்டைத் தேய்ப்பது, போர்டிங் பாஸைச் சரிபார்ப்பது, தலை எண்ணுவது. கார்டு வழியாக வருகிற ஒவ்வொரு தலைக்கும் லவுஞ்சுக்குக் காசு வரும். அதனால் உள்ளே எத்தனை பேர் நிம்மதியாக இருக்கிறார்கள் என்பதைவிட எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான் மேலிடத்துக் கேள்வி. நாங்கள் ஒப்பந்த ஊழியர்கள். போய் 'சார், கொஞ்சம் சத்தம்' என்று சொன்னால் பாதிப் பேர் குறைத்துவிடுவார்கள். மீதியில் ஒருவர் வெளியே போகும்போது 'ஊழியர் மரியாதைக் குறைவு' என்று எழுதிவிட்டுப் போவார். அந்தத் தாள் மேலாளரிடம் போகும். நீங்கள் முறைத்தது எந்தத் தாளிலும் வராது.

எங்களுக்கென்று சில வழிகள் இருந்தன. கூட வேலை பார்த்த அக்கா ஒருவர் இதில் கெட்டிக்காரி. நேராகப் போய், குனிந்து, மெல்லிய குரலில் 'சார், உங்க ஃப்ளைட் எத்தனை மணிக்கு?' என்பார். பதில் சொல்ல அவர் வீடியோவை நிறுத்தித்தானே ஆகணும். சொன்னதும் 'இன்னும் நேரம் இருக்கு சார், கூப்பிடுறோம்' என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு வருவார். மறுபடி போடும்போது முக்கால்வாசிப் பேர் தாங்களாகவே குறைத்துவிடுவார்கள்.

அப்புறம் மொழி. இது பெங்களூரு. ஆங்கிலத்தில் சொன்னால் 'நீ யார் எனக்குச் சொல்ல' என்கிற முகம் வரும். கன்னடத்தில் 'ஸ்வல்ப சவுண்ட் கம்மி மாடி சார்' (கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க சார்) என்று சிரித்துக்கொண்டே சொன்னால் வேலை நடக்கும்.

ஜன்னல்சீட்:
நன்றி மேடம். ஆனால் நீங்கள் சொன்னதே என் கட்சிக்குப் பலம். அந்த அக்காவின் சாமர்த்தியத்தை நம்பி ஒரு இடம் நடக்கக் கூடாது. விதி என்று எழுதியிருந்தால் அவர் 'ரூல் சார்' என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார், புகார்த்தாளும் செல்லாது. ரயில்வேயில் அப்படித்தான் செய்தார்கள். 2022 ஜனவரியில் வந்த உத்தரவு: இரவு 10 மணிக்கு மேல் பெட்டியில் சத்தமாகப் போன் பேசவோ, இயர்போன் இல்லாமல் பாட்டுக் கேட்கவோ கூடாது. புகார் வந்தால் தீர்த்துவைப்பது ரயில் ஊழியர் பொறுப்பு. நம்ம பெங்களூரு மெட்ரோவில்கூட ஸ்பீக்கரில் பாட்டுப் போடக் கூடாது, தொல்லை கொடுத்தால் அபராதம் போட மெட்ரோ சட்டத்தில் இடம் இருக்கிறது.

சுக்குகாப்பி:
ரயிலில் அந்த விதி எப்படி நடக்கிறது என்று ஓசூர் தாண்டிப் போகிற எந்த வண்டியிலும் ஏறிப் பாருங்கள். இரவு பதினொன்றரைக்கு மேல் பெர்த்தில் ஒருவர் முழுப் படமே பார்ப்பார். உத்தரவு இருக்கிறது, டிக்கெட் பரிசோதகர் அடுத்த பெட்டியில் இருக்கிறார்.

சரி, இயர்போன் போடு என்கிறீர்கள். போன் கம்பெனிகள் என்ன செய்தன? ஐபோன் 2016இலேயே இயர்போன் ஓட்டையை அடைத்தது. 2020இல் பெட்டிக்குள் இயர்போன் வைப்பதையும் நிறுத்தியது. மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன. முன்னால் போன் வாங்கினால் கூடவே வந்த சாமான் இப்போது தனிச் செலவு, அதற்குத் தனி சார்ஜ். அது தீர்ந்துபோனால் ஸ்பீக்கர்தான். விமான நிலையக் கடையில் வாங்கலாமே என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், அங்கே தண்ணீர் பாட்டில் விலையே தெரியும்.

மூணாவது_கேட்:
நாங்கள் கொஞ்ச நாள் சாதாரண வயர் இயர்போனைக் கூடையில் வைத்துப் பார்த்தோம். கூடையும் சேர்ந்து காணாமல் போனது.

பாப்பாவோட_அம்மா:
இத்தனை பேர் பேசுகிறீர்கள், குழந்தை வைத்திருக்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்களைத்தான் எல்லாரும் முதலில் திரும்பிப் பார்ப்பார்கள். என் மகளுக்கு மூன்று வயது. ஹெட்ஃபோன் மாட்டினால் பிடுங்கி எறிகிறாள். ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன்: சத்தத்தை முழுசாக அணைத்துவிட்டு யானை, ரயில் வீடியோ காட்டினால் அவளே 'கூ...' என்று சொல்லிக்கொண்டு பார்க்கிறாள். அந்தச் சத்தத்துக்கும் புகார் வருமா?

இந்திராநகர்_மாமி:
அந்த 'கூ'வுக்கு யார் முறைத்தாலும் என்னிடம் அனுப்பு கண்ணு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஓசூர்_எல்லை:
அமைதி என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. 2018 மார்ச்சில் சென்னை விமான நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்புகளை நிறுத்திப் பார்த்தார்கள். இப்போது பல லவுஞ்சுகளிலும் போர்டிங் அறிவிப்பு கிடையாது, திரையைப் பார்த்துக்கொள் என்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கூடத்தின் பொதுச் சத்தம் குறைந்ததும் ஒவ்வொரு போனும் தனித்தனியாகத் தூக்கலாகக் கேட்கிறது. கூடவே ஆளாளுக்கு அலாரம் வைக்கிறார்கள், 'கேட் மாறிடுச்சாம்' என்று ஒருவருக்கொருவர் போன் போட்டுச் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஜன்னல்சீட்:
அப்படியானால் அமைதிக்கென்று தனி மூலை ஒதுக்கினால்? மாமியின் அப்பாவும் பாப்பாவும் ஒரு பக்கம், தூங்குகிறவர்கள் இன்னொரு பக்கம்.

மூணாவது_கேட்:
எங்களிடம் இருந்தது. 'அமைதிப் பகுதி' என்று போர்டு மாட்டி, சாய்வு நாற்காலி போட்டு, வெளிச்சம் குறைத்து வைத்திருந்தார்கள். ஆனால் வேலை செய்கிற பிளக் பாயின்ட் எல்லாம் அந்தச் சுவரில்தான் இருந்தது! உள்ளே வருகிற எல்லாரும் முதலில் தேடுவது பிளக். சார்ஜில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து பேசுவார்கள், பார்ப்பார்கள். சாப்பாட்டுப் பக்கம், சத்தம் போட்டாலும் பரவாயில்லை என்று நாங்கள் நினைத்த இடம், காலியாகக் கிடக்கும். பிளக்கை பஃபே பக்கம் மாற்றச் சொல்லி நானே எழுதிக் கொடுத்தேன். நான் வேலையை விடும்வரை மாற்றவில்லை. இப்போது எப்படியோ.

ஜன்னல்சீட்:
இது எனக்குத் தோன்றவே இல்லை. சரி, விமான நிலையத்துக்கு ஒரு மனு எழுதுகிறேன், இரண்டே விஷயம். பிளக் பாயின்ட்களைச் சாப்பாட்டுப் பக்கம் வையுங்கள். அமைதிப் பகுதிக்குள் வீடியோவுக்கும் பாட்டுக்கும் ஸ்பீக்கர் கூடாது என்று எழுதுங்கள், கூடத்தின் மற்ற பகுதியில் அவரவர் இஷ்டம். பேச்சைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, மாமி நிம்மதியாக இருக்கலாம். யார் யார் பெயர் போடுகிறீர்கள்?

சுக்குகாப்பி:
போர்டெல்லாம் பேப்பரோடு சரி என்பதில் எனக்கு மாற்றம் இல்லை. பிளக் விஷயத்துக்காகப் பெயர் போடுகிறேன். ஆனால் 'வீடியோ, பாட்டு' என்பதற்குப் பக்கத்தில் 'ஆபீஸ் மீட்டிங்' என்றும் சேர்க்கணும், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கத்துகிற மீட்டிங்கும் அதில் அடக்கம். அதைச் சேர்க்காவிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள்.

ஜன்னல்சீட்:
பேச்சைத் தொடுவதில்லை என்று மாமிக்கு இப்போதுதான் வாக்குக் கொடுத்தேன், நீங்கள் உடனே மீட்டிங்கைக் கொண்டுவருகிறீர்கள். மீட்டிங் எது, வீட்டுக்குப் பேசுவது எது என்று கவுண்டர் பையன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

சுக்குகாப்பி:
'ஆல் ஆஃப் யூ கேன் ஹியர் மீ?' என்று யார் கேட்கிறாரோ, அவர்தான்.