ஐஸ் ஹாக்கி லோடு ஷீட்டை நம்ம மலை ஹாக்கி டீமுக்குப் போடலாமா?

குன்னூர்_பிடி_மாஸ்டர்:
வணக்கம். குன்னூரில் கல்லூரிப் பசங்க ஹாக்கி டீம், 18 பேர். ஐஸ் ஹாக்கி டீமுக்காகப் போட்ட எக்செல் ஷீட் ஒன்று கையில் இருக்கிறது. ஷிஃப்ட் எண்ணிக்கை, ஷிஃப்ட் நேரம், ஹார்ட் ரேட், வார லோடு (பயிற்சியும் மேட்சும் உடம்புக்குத் தரும் சுமை), கடைசி 7 நாள் லோடுக்கும் 28 நாளின் வாரச் சராசரிக்கும் உள்ள விகிதம் என்று கட்டம் கட்டமாக நிரப்பச் சொல்கிறது. நம்மிடம் இருப்பது ஹார்ட் ரேட் பார்க்கும் மூன்று நெஞ்சுப் பட்டை, ஒரு ஸ்டாப்வாட்ச், ஆளுக்கொரு போன். ஜிபிஎஸ் கிடையாது. இதில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது? மழையில் இரண்டு வாரம் கிரவுண்டு மூடிக் கிடந்தால், திறந்ததும் அந்த விகிதம் சிவப்புக்குப் போய்விடுகிறது. அப்போது என்ன செய்ய? சமவெளி டீம்களின் யோ-யோ (பீப் சத்தத்துக்கு ஏற்பப் போய் வந்து ஓடும் டெஸ்ட்) ஸ்கோரோடு நம்ம பசங்களை ஒப்பிடலாமா?

கோத்தகிரி_ஃபிட்னஸ்:
மாஸ்டர், ஷிஃப்ட் கட்டத்தை முதலில் எடுத்துவிடுங்கள். ஐஸ் ஹாக்கியில் 20 நிமிடம் வீதம் மூன்று பீரியட். ஒரு ஆள் முக்கால் நிமிடம் போல உயிரைக் கொடுத்து ஆடிவிட்டு பெஞ்சுக்கு வந்துவிடுவார், பிறகு சில நிமிடம் உட்கார்ந்திருப்பார். அதனால் அங்கே ஷிஃப்டை எண்ணுவதில் பொருள் இருக்கிறது. நம் ஆட்டம் 15 நிமிடம் வீதம் நான்கு குவார்ட்டர், ஆள் மாற்றுவதற்குக் கணக்கே இல்லை, உள்ளே போனவர் பல நிமிடம் ஓடிக்கொண்டே இருப்பார். சறுக்கிப் போகும்போது கிடைக்கும் இளைப்பாறலும் நமக்கு இல்லை.

வைத்துக்கொள்ள வேண்டியது ஆர்பிஇ கணக்கு. பயிற்சி எவ்வளவு கடினம் என்று பையன் சொல்லும் 0 முதல் 10 வரையான எண்ணை மொத்த நிமிடத்தால் பெருக்குங்கள். 90 நிமிடம், கடினம் 6 என்றால் 540. மேட்சுக்கும் இதேதான். பெஞ்சில் இருந்த நேரத்தைக் கழிக்காதீர்கள். கொஞ்ச நேரமே ஆடியவன் எண்ணையே குறைத்துத்தான் சொல்வான். ஒரு முறையைப் பிடித்தால் சீசன் முடியும்வரை அதை மாற்றக் கூடாது.

கெட்டுப்போவது கேட்கும் விதத்தில்தான். வட்டமாக நிற்க வைத்துக் கேட்டால் கேப்டன் "5" என்பார், அத்தனை ஜூனியரும் "5" என்பார்கள். தனித்தனியாகக் கேளுங்கள். முடித்த உடனே கேட்டால் கடைசி ஓட்டத்தின் மூச்சிரைப்புக்குத்தான் மார்க் விழும். 15 முதல் 30 நிமிடம் விட வேண்டும். அதற்குள் பஸ் வந்துவிடும் என்பது தெரியும். பஸ்ஸில் உட்கார்ந்தபடி வாட்ஸ்அப்பில் உங்களுக்கு மட்டும் எண்ணை அனுப்பட்டும், குரூப்பில் வேண்டாம். "9" என்று சொன்னவனை அடுத்த மேட்சில் உட்கார வைத்தீர்களானால், அதன் பிறகு யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு வாரம் 540, 240, 630, ஓய்வு, 180, 600, ஓய்வு. கூட்டினால் 2,190. ஏழு நாள் சராசரியை அந்த நாட்களின் திட்ட விலக்கத்தால் (நாளுக்கு நாள் எண் எவ்வளவு மாறுகிறது என்ற அளவு, எக்செல்லே போட்டுத் தரும்) வகுத்தால் 1.1 வரும். இன்னொரு வாரம் ஆறு நாளும் 365, ஒரு நாள் ஓய்வு. அதுவும் 2,190 தான், ஆனால் வகுத்தால் 2.3. இரண்டைத் தாண்டினால் வாரம் தட்டையாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். கடினமான நாள் போதுமான கடினமில்லை, லேசான நாள் லேசாகவும் இல்லை. சளி, காய்ச்சல், சோர்வு எல்லாம் இந்த மாதிரி வாரத்துக்குப் பின்னால்தான் வரிசையாக வரும்.

ஊட்டி_பிசியோ:
மேலே அண்ணன் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் ஐஸ் ஹாக்கிக்காரர்களிடமிருந்து கடன் வாங்க வேண்டிய ஒன்று உண்டு: தொடை இடுக்குப் பரிசோதனை. ஸ்கேட்டிங்கில் அந்தத் தசைதான் அடிக்கடி பிடித்துக்கொள்ளும். காலை உள்ளே இழுக்கும் பலம், வெளியே தள்ளும் பலத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்த வீரர்களுக்கு அந்தக் காயம் பல மடங்கு அதிகம் என்று என்எச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) வீரர்களிடம் செய்த ஆய்வு ஒன்றில் வந்தது. குனிந்தபடியே திரும்பித் திரும்பி ஓடும் நம் ஆட்டத்திலும் அந்த இடத்துக்கு வேலை அதிகம், அதிலும் புல் ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பிபி பார்க்கும் பட்டை ஒன்று போதும். பையனை மல்லாக்கப் படுக்க வைத்து முழங்காலை மடக்கச் சொல்லுங்கள், பாதம் தரையில் இருக்கட்டும். சுருட்டிய பட்டையை முழங்கால்களுக்கு நடுவே வைத்து 10 வரை காற்றடித்துவிட்டு, 5 விநாடி முழு பலத்தோடு நெருக்கச் சொல்லுங்கள். மூன்று முறை, அதில் அதிகமானதைக் குறியுங்கள். கூடவே வலி 0 முதல் 10க்குள் எவ்வளவு என்றும் கேளுங்கள். விட்டதும் முள் திரும்ப 10க்கு வந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் ரப்பர் கசிகிறது, அந்த எண் செல்லாது. எப்போதும் வார்ம்-அப்புக்கு முன்னால், அதே கிழமையில் எடுங்கள். மற்றவனோடு ஒப்பிட வேண்டாம். அவனுடைய வழக்கமான அளவிலிருந்து பத்து, பதினைந்து சதவீதம் இறங்கினாலோ, வலி புதிதாக வந்தாலோ அன்று ஸ்பிரிண்டும் டிராக் ஃபிளிக்கும் (பெனால்டி கார்னரில் பந்தை ஸ்டிக்கால் இழுத்து வீசும் ஷாட்) வேண்டாம்.

யோ-யோ: சமவெளி ஸ்கோரோடு ஒப்பிடாதீர்கள். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி 2,240. ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு. உயரம் 1,000 மீட்டர் கூடினால் உடம்பு உச்சத்தில் வாங்கும் ஆக்ஸிஜன் 6 சதவீதம் வாக்கில் இறங்கும். பழகினவர்களுக்கு அதில் கொஞ்சம் ஈடாகும், முழுதும் ஆகாது. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து சேர்ந்த பையனுக்கு முதல் இரண்டு வாரம் அதே ஓட்டத்துக்கு ஹார்ட் ரேட் கூடுதலாகத்தான் நிற்கும். அதை வைத்து அவனை "ஃபிட் இல்லை" என்று முத்திரை குத்திவிடாதீர்கள்.

மலைக்காட்டு_கோல்கீப்பர்:
மாஸ்டர் கேட்ட அந்த 7 நாள், 28 நாள் விகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 0.8 முதல் 1.3 வரை பத்திரம், 1.5க்கு மேல் ஆபத்து என்று வேதவாக்கு மாதிரி சொல்கிறார்கள். மழைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்று வாரமாக 2,000, 600, 300. இந்த வாரம் 2,000. இந்த வாரத்தையும் சேர்த்து நான்கு வாரச் சராசரி எடுத்தால் விகிதம் 1.63. முந்தைய மூன்று வாரத்தோடு மட்டும் வகுத்தால் 2.07. பசங்க அதே பசங்க, கால் அதே கால். எப்படி வகுக்கிறோம் என்பதற்கே இவ்வளவு ஆடும் எண்ணை வைத்து யாருக்குக் காயம் வரும் என்று ஜோசியம் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது எளிது. கிரவுண்டு திறந்த முதல் வாரம் பழைய லோடில் பாதி, அடுத்த வாரம் முக்கால், மூன்றாவது வாரம் முழுசு. அதைவிட நல்லது, மூடியிருக்கும்போதே குழியில் விழாமல் பார்த்துக்கொள்வது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில் அடித்து ஊற்றும் என்பது தெரிந்ததுதானே? ஹாலில் ஸ்கிப்பிங், படிக்கட்டு, பலப் பயிற்சி என்று வாரம் ஆயிரமாவது எட்டட்டும். எஸ்டேட் லைனிலிருந்து தினமும் மேடேறி வருகிறவனுக்கு அந்த நடையே லோடு. ஷீட்டில் அதற்குக் கட்டம் இருக்காது, நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

குன்னூர்_பிடி_மாஸ்டர்:
நன்றி. மூன்று பட்டையை 18 பேருக்கு எப்படிப் பிரிப்பது? மேட்சில் யாருக்குக் கட்ட?

கோத்தகிரி_ஃபிட்னஸ்:
மேட்சில் யாருக்கும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், வார்ம்-அப் முடிந்ததும் யோ-யோ லெவல் 1 ஆடியோவைப் போட்டு முதல் 6 நிமிடம் மட்டும் ஓடவிட்டு நிறுத்துங்கள். 20 மீட்டர் போய் வர வேண்டும், நடுவில் 10 விநாடி இளைப்பாறல். நிறுத்திய கணத்தில் ஹார்ட் ரேட்டைக் குறியுங்கள். யாரும் களைத்து விழ மாட்டார்கள். வாரத்துக்கு மூன்று குழு, ஒரு குழுவில் மூன்று பேர் என்றால் இரண்டு வாரத்தில் எல்லோரும் ஒருமுறை முடிந்துவிடும். மூன்று, நான்கு துடிப்பு முன்னே பின்னே போவது சகஜம். அடுத்தடுத்த முறையும் ஏழு, எட்டு கூடியே இருந்தால்தான் கவலை. அதே இடம், அதே நேரம் முக்கியம். பனிக்காலக் காலையில் எடுத்ததை மதிய வெயிலில் எடுத்ததோடு சேர்க்காதீர்கள்.

குளிரில் தோல் காய்ந்திருந்தால் முதல் சில நிமிடம் 200, 210 என்று பொய் எண் காட்டும். பட்டையின் ரப்பர் பகுதியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துக் கட்டுங்கள். கை வாட்ச் வேண்டாம்: விரல் விறைத்து, மணிக்கட்டை மடக்கி ஸ்டிக் பிடித்திருக்கும்போது அது துடிப்பை விட்டுவிட்டு ஓட்டத்தின் அடியை எண்ணிக் காட்டும். முடித்ததும் வியர்வை போக அலசி, டிரான்ஸ்மிட்டரை (பட்டையில் மாட்டும் சின்னக் கருவி) கழற்றிவிட்டுக் காய வையுங்கள். மாட்டியே வைத்தால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும்.