பெரியப்பாவுக்கு நாளை எண்டோஸ்கோப்பி

கயல்: பெரியப்பாவுக்கு நேற்றிரவு முதல் மலம் தார் போலக் கறுத்துப் போகிறது. காலையில் டயாலிசிஸுக்குப் போன இடத்திலேயே சேர்த்துக்கொண்டார்கள். ஹீமோகுளோபின் 9.4-லிருந்து 6.8-க்கு இறங்கிவிட்டது. வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறதோ என்று சந்தேகம்; நாளை வாய்வழியே குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி.

மதுரை அத்தை: இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகத்தானே போகும்?

கயல்: அவருக்கு இரும்புச்சத்தை ஊசியில்தான் ஏற்றுகிறார்கள், அத்தை; ஊசியால் மலம் கறுக்காது. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இரத்தத்தில் கழிவுகள் தங்கிவிடுவதால், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எண்ணிக்கையில் சரியாக இருந்தும் ஒன்றோடொன்று சரியாக ஒட்டுவதில்லை. அதற்குமேல், டயாலிசிஸ் குழாயில் இரத்தம் உறையாமலிருக்க வாரம் மூன்று முறை ஹெப்பாரினும் கொடுக்கிறார்கள். ஆகவே மற்றவர்களுக்குத் தானாக நின்றுவிடக்கூடிய சிறு புண்கூட இவருக்குக் கசிந்துகொண்டே இருக்கும். இன்று ஹெப்பாரின் இல்லாமல், இடையிடையே சலைன் விட்டுக் குழாயைக் கழுவித்தான் டயாலிசிஸ் செய்தார்கள்.

செந்தில்: அப்பா வயிறு வலிப்பதாகச் சொல்லவே இல்லையே.

கயல்: வலியே இல்லாமல் இரத்தம் கசிவதும் உண்டு, அண்ணா. தலையணைக்கு அடியில் டைக்ளோபெனாக் அட்டை கிடந்தது; வயிற்றில் புண் உண்டாக்கக்கூடிய வலி மாத்திரை அது. பத்தில் மூன்றுதான் மிச்சம்.

சித்தப்பா: மூட்டு வலிக்கு அதை வாங்கிக் கொடுத்தது யார்?

மதுரை அத்தை: அவர் உன் வீட்டில் இருந்தபோதும் அதே மாத்திரைதான், தம்பி. அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். என்னிடம் ஜெலுசில் இருக்கிறது, கொடுத்தனுப்பவா?

கயல்: தயவுசெய்து வேண்டாம், அத்தை. அதிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் சிறுநீரில் வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே சேரும்; அலுமினியம் எலும்பையும் மூளையையும் கெடுக்கும். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் ஊசி போட்டிருக்கிறார்கள், அது போதும். வயிற்றுப் புண்ணுக்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறதா என்றும் நாளை சிறிது சதை எடுத்துப் பார்ப்பார்கள்.

செந்தில்: இரத்தம் கொடுக்க நான் இன்றே புறப்படுகிறேன்.

கயல்: அண்ணா, நீங்களும் அத்தையும் சிறுநீரகம் தர முன்வந்திருக்கிறீர்கள். உங்கள் இரத்தத்தை அவருக்கு ஏற்றினால் அவர் உடம்பில் உங்கள் திசுவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) உருவாகி, பிறகு உங்கள் சிறுநீரகமே பொருந்தாமல் போகக்கூடும். அதனால் வெளியாள் இரத்தத்தையே, அதுவும் வெள்ளணுக்களை வடிகட்டி, தேவையான அளவு மட்டும் ஏற்றச் சொல்லியிருக்கிறோம்.

சித்தப்பா: வெள்ளிக்கிழமை வளைகாப்பைத் தள்ளிவைக்கலாமா?

மதுரை அத்தை: ஒன்பதாம் மாதம் முடியப்போகிறது, எங்கே தள்ளுவது?

கயல்: அதை நாளை பேசுவோம். இன்றிரவு பெரியப்பாவுடன் யார் தங்குகிறீர்கள்?

சித்தப்பா: பத்து மணி வரை நான் இருக்கிறேன்.

செந்தில்: அதற்குப் பிறகு?