5 நாள் குஞ்சுகள் மூலையில் குவிந்து சாகின்றன: புரூடரில் (குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் இடத்தில்) சூடு போதவில்லையா?

தாளவாடி_தோட்டம்:

எல்லோருக்கும் வணக்கம். கோழி வளர்ப்பது இதுதான் முதல் முறை. ஊர் தாளவாடி மலை. போன வாரம் சத்தியமங்கலத்தில் இருந்து ஒரு நாள் வயது சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகள் 60 வாங்கி வந்தேன். மாட்டுக் கொட்டகையை ஒட்டி 8-க்கு 6 அடியில் ஓர் அறை இருக்கிறது, சிமென்ட் தரை. செய்தித்தாளை நாலு மடிப்பாக விரித்து, நடுவில் 60 வாட் குண்டு பல்பு இரண்டைத் தொங்கவிட்டேன். பல்பு ஒயரிலேயே ஒரு தெர்மாமீட்டரையும் கட்டியிருக்கிறேன். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் வேண்டும் என்று படித்தேன். ராத்திரியிலும் அது 95-க்குக் குறையவே இல்லை.

ஆனால் நேற்று விடியற்காலை 4 மணிக்குப் போய்ப் பார்த்தால், மேற்கு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடக்கின்றன. கையால் விலக்கினேன். அடியில் இருந்த 7 குஞ்சுகள் நசுங்கிக் கிடந்தன. ஒன்றில் மட்டும் சூடு இருந்தது. உள்ளங்கையில் பொத்தி வாயால் ஊதிப் பார்த்தேன். ஒரு தடவை அலகைத் திறந்தது, அவ்வளவுதான். இன்று காலை இன்னும் 2 போய்விட்டன. மிச்சம் இருப்பதில் இரண்டு மூன்றுக்குப் பின்பக்கம் எச்சம் ஒட்டிக் காய்ந்திருக்கிறது.

100 வாட் பல்பாக மாற்றிவிட்டால் சரியாகுமா? இன்று இருட்டுவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உடுமலை_கோழிக்காரி:

தம்பி, பல்பை மாற்றுவதற்கு முன்னால் அந்தத் தெர்மாமீட்டரை அவிழ்த்துக் கீழே கொண்டு வாருங்கள். அது பல்புக்குப் பக்கத்தில் இருக்கிற சூட்டைச் சொல்கிறது. குஞ்சு நிற்பது தரையில். அதன் முதுகு உயரம் 2 அங்குலம்தான். அந்த உயரத்தில், பல்புக்கு நேர் கீழே இல்லாமல் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். 95 காட்டவே காட்டாது. மார்கழிப் பனியில் சிமென்ட் தரை எப்படிச் சில்லென்று இருக்கும் என்று வெறுங்காலில் நடந்தாலே தெரியும். உங்கள் குஞ்சுகள் அதன்மேல் நாலு காகிதத்தைப் போட்டுக்கொண்டு வயிற்றை வைத்துப் படுத்திருக்கின்றன. பின்பக்கம் எச்சம் ஒட்டுவதும் பெரும்பாலும் குளிர் பட்டதால்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துத் துடையுங்கள். பிய்த்து இழுக்காதீர்கள், தோல் உரிந்துவிடும்.

அடுத்தது அந்த மூலை. குளிர் மட்டும் காரணமாக இருந்தால் பல்புக்கு அடியில்தான் குவியும். சூடு அதிகமானால் பல்பை விட்டு விலகி, ஓரத்தில் வாயைத் திறந்துகொண்டு இறக்கையை விரித்து நிற்கும். பல்பையும் விட்டுவிட்டு ஒரே ஒரு மூலையில் போய் அடைந்தால், எதிர்ப்பக்கம் இருந்து காற்று அடிக்கிறது என்று அர்த்தம். உங்கள் கதவு கிழக்கே பார்த்திருக்க வேண்டும், சரியா? ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு தரையோடு தரையாக உட்காருங்கள். நமக்கு இடுப்பு உயரத்தில் காற்றே தெரியாது, குஞ்சு உயரத்தில் புகை படுத்துக்கொண்டு ஓடும். எங்கள் கொட்டகையில் நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். கதவுக்கு அடியில் விரல் நுழையும் அளவு இடுக்கு. அதை அடைப்பதற்குள் 14 குஞ்சுகள் போய்விட்டன. இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

இருட்டுவதற்குள் இதைச் செய்யுங்கள். நன்றாகக் காய்ந்த உமியை 2 அங்குலத்துக்குக் குறையாமல் கொட்டிப் பரப்புங்கள். உமி கிடைக்காவிட்டால் கடலைத்தோல், மரச்சீவல் எதுவானாலும் சரி. வழுவழுப்பான செய்தித்தாளை எடுத்துவிடுங்கள், அதில் கால் வழுக்கி அகண்டுபோகும். 13 அடி நீளத்துக்குத் தகடோ தடித்த அட்டையோ எடுத்து வட்டமாக நிறுத்துங்கள். சுமார் 4 அடி அகலத்தில் வட்டம் வரும். ஒன்றரை அடி உயரம் இருந்தால் போதும். வட்டத்தில் மூலையே கிடையாது, ஏறி நசுங்க இடம் இருக்காது.

பல்பு விஷயத்துக்கு வருகிறேன். குஞ்சுக்கு 2 வாட் என்று சொல்வார்கள். அந்தக் கணக்குக்கு உங்கள் 120 வாட் சரிதான், ஆனால் மலைக்குளிருக்குப் போதாது. இன்னொரு 60 வாட் சேர்த்து வட்டத்தின் நடுவில் தொங்கவிடுங்கள். அறை முழுக்க ஒரே சூடாக இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். தாய்க்கோழி இறக்கைக்கு அடியில் மட்டும்தான் சூடு வைத்திருக்கிறது. குஞ்சு வெளியே வந்து மேயும், சில்லென்று ஆனால் உள்ளே ஓடும். அந்த மாதிரி வருவதற்கும் போவதற்கும் இடம் இருக்க வேண்டும். தண்ணீரையும் தீவனத்தையும் பல்புக்கு நேர் கீழே வைக்காமல் பாதித் தூரத்தில் வையுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

அப்புறம், காதைப் பழக்குங்கள். குளிர்ந்தால் கூர்மையாக, விடாமல் கத்தும். சுகமாக இருந்தால் அடித்தொண்டையில் மெதுவாக முனகும், பாதிக் குஞ்சுகள் கழுத்தை நீட்டிப் போட்டுத் தூங்கும். முதல் தடவை அப்படிப் பார்த்தபோது செத்துவிட்டன என்று பயந்து தொட்டு எழுப்பியிருக்கிறேன்.

கீழ்மலை_காப்பித்தோட்டம்:

அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கொடைக்கானல் கீழ்மலையில் இருக்கிற நான் கரண்டு பற்றி மட்டும் சொல்கிறேன். ராத்திரி 2 மணி நேரம் கரண்டு போனால் என்ன செய்வது என்று இன்றைக்கே யோசித்து வையுங்கள். கரி அடுப்பு வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். மூடிய அறையில் வைக்கவே வைக்காதீர்கள். கரிப்புகையில் இருக்கிற நச்சுவாயு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, குஞ்சோடு சேர்த்துப் பார்க்கப்போகிற ஆளையும் கொன்றுவிடும். நான் மூடி இறுக்கமான பாட்டில்களில் சுடுதண்ணீர் ஊற்றி, பழைய துணி சுற்றி, வட்டத்துக்குள் நாலு பக்கமும் படுக்க வைத்துவிடுவேன். தாயைப் போல அதை ஒட்டிக்கொண்டு படுக்கும். மேலே ஒரு சாக்கைப் பாதி மறைத்துப் போட்டால் சூடு நிற்கும். முழுக்க மூடாதீர்கள், மூச்சு முட்டும்.

பல்பை ஒயரில் தொங்கவிடாமல் சங்கிலியிலோ கட்டுக்கம்பியிலோ கட்டுங்கள். அறுந்து உமியில் விழுந்தால் கொட்டகையே எரியும். கடையில் எல்இடி பல்பைக் கொடுத்துவிடப் போகிறார்கள், அதில் வெளிச்சம்தான் வரும், சூடு வராது. குண்டு பல்பு என்று கேட்டு வாங்குங்கள்.

தாளவாடி_தோட்டம்:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். ஊதுபத்திப் புகை கதவில் இருந்து மேற்கு மூலைக்கு நேர்கோடு போட்ட மாதிரி ஓடியது அக்கா, பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். முதுகு உயரத்தில் தெர்மாமீட்டர் 81 காட்டியது. கதவு இடுக்கில் ஈரமில்லாத சாக்கைச் சுருட்டி அடைத்தேன், உமி போட்டேன், அட்டையில் வட்டம் கட்டினேன். அன்று ராத்திரி ஒரு மணி வரை அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். பல்பைச் சுற்றி வட்டமாகப் படுத்திருந்தன, நடுவில் ஒரு கை அகலம் காலியாக இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுகூடச் சாகவில்லை. 51 இருக்கின்றன.

இரண்டு கேள்வி. 7-ஆம் நாள் போட வேண்டிய ராணிக்கெட் (வெள்ளைக் கழிச்சல் நோய்) தடுப்புச் சொட்டு மருந்தை இன்னும் போடவில்லை, போடலாமா? பல்பை எப்போது நிறுத்துவது?

உடுமலை_கோழிக்காரி:

51 நிற்கிறது என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது தம்பி. நன்றாகத் தீவனம் எடுத்து ஓடியாடினால் கால்நடை மருந்தகத்தில் கேட்டு நாளைக்கே கண்ணில் ஒரு சொட்டு விட்டுவிடுங்கள். ஏதாவது சோர்ந்து நின்றால் அது தெளிந்த பிறகு போடுங்கள். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்துத்தான் எடுத்து வர வேண்டும்.

பல்பை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. வாரத்துக்கு 5 டிகிரி குறையுங்கள்: இப்போது 90, அடுத்த வாரம் 85, அப்புறம் 80. பல்பை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தினாலே குறையும். வட்டத்தையும் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை அகலமாக்குங்கள். மூன்றாவது வாரம் வெயில் நேரத்தில் அணைத்துப் பாருங்கள். ராத்திரிக்கு மட்டும் எரியட்டும். எங்கள் உடுமலையில் சித்திரை மாதம் என்றால் பத்து நாளிலேயே பகலில் அணைத்துவிடுவேன். உங்கள் மலையில் மார்கழியில் ஐந்து வாரம்கூட ஆகலாம். நாளை எண்ணாமல் ஒரு குஞ்சைக் கையில் எடுத்து முதுகை ஊதிப் பாருங்கள். பஞ்சு மயிர் விலகித் தோல் தெரிந்தால் பல்பு வேண்டும். முதுகு முழுக்க இறகு மூடியிருந்தால் நிறுத்தலாம்.

உமியைத் தினமும் கையால் கிளறி விடுங்கள். தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்திருப்பதை அள்ளி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஈரம் நின்றால் மூன்றாவது வாரத்துக்கு மேல் இரத்தக் கழிச்சல் வரும். எச்சத்தில் சிவப்பு தெரிந்தால் அன்றைக்கே மருந்தகத்துக்குப் போங்கள்.