14 வயதுப் பிள்ளைக்கு முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சை: வீட்டார் எப்படித் துணை நிற்பது?

அம்பை தாய்மாமன்:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகளுக்கு 14 வயது. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம். வரும் ஜூனில் பத்தாம் வகுப்புக்குப் போக வேண்டியவள். சிறு வயதிலேயே முதுகு சற்றுச் சாய்ந்திருந்தது. பெரிய பிள்ளையான பிறகு வளைவு வேகமாகக் கூடி, இப்போது வலது தோள்பட்டைக்குக் கீழே கூன் போலப் புடைத்து நிற்கிறது. எக்ஸ்ரேயில் வளைவு 95 டிகிரி என்று குறித்திருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ., எக்கோ, நுரையீரல் பரிசோதனை எல்லாம் முடிந்துவிட்டன. முதலில் தலையில் ஹாலோ என்ற வளையத்தைப் பொருத்திச் சில வாரங்கள் எடை கட்டி முதுகை மெல்ல நிமிர்த்துவோம், அதன் பிறகு திருகாணியும் கம்பியும் வைத்து எலும்புகளை இணைப்போம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்கு வெளியூரில்தான் தங்க வேண்டும்.

அக்காள் பீடி சுற்றுகிறாள். அத்தான் கேரளத்தில் கட்டட வேலை. வீட்டுக்கு வருகிற பெரியவர்கள், முதுகில் கத்தி வைத்தால் கால் விளங்காமல் போய்விடும், அப்புறம் இவளை யார் கட்டுவார்கள் என்று பிள்ளையின் காதுபடவே பேசுகிறார்கள். அக்காளோ, சின்ன ஆபரேஷன்தான், நாலு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறாள். பிள்ளை யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. துப்பட்டாவை முதுகு மறையும்படி இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரமாகவே உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் எவ்வளவு சொல்லலாம்? கிளம்புவதற்கு முன் நாங்கள் என்னென்ன செய்துவைக்க வேண்டும்? இதைக் கடந்து வந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பாளை பிசியோ:

அண்ணாச்சி, நான் பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். அறுவைச் சிகிச்சை செய்பவன் அல்லன். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: முழுவதையும் சொல்லுங்கள். நாலு நாள் என்று நம்பிப் போகிற பிள்ளை, தலையில் வளையத்தோடு கண்விழிக்கும்போது வலியைவிட ஏமாற்றத்தில்தான் அதிகம் உடைந்துபோவாள். அதன் பிறகு அம்மா சொல்லும் எதையும் அவள் நம்பமாட்டாள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவளையும் உள்ளே உட்காரவைத்து, அவளுடைய எக்ஸ்ரேயை அவளுக்கே காட்டி விளக்கச் சொல்லுங்கள். கேள்விகளை அவள் கையாலேயே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போகட்டும்.

கால் விளங்காமல் போகுமா என்பது நியாயமான பயம்தான். அதை அதட்டி அடக்கக் கூடாது. பதின்வயதில் வருகிற வழக்கமான வளைவுகளுக்குச் செய்யும் அறுவைச் சிகிச்சையில் நரம்புப் பாதிப்பு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே ஏற்படுகிறது. 90 டிகிரிக்கு மேல் போய்க் கூனும் சேர்ந்திருந்தால் அந்த ஆபத்து கூடும். ஆகவே பொதுக்கணக்கைக் கேட்டு நிறைவடையாமல், இவளுக்கு எவ்வளவு என்று மருத்துவரிடமே நேராகக் கேளுங்கள். இத்தனை டிகிரி வளைவை ஒரே மூச்சில் நிமிர்த்தினால் தண்டுவடம் இழுபடும் என்பதால்தான் ஹாலோ கட்டி வாரக்கணக்கில் மெதுவாக நிமிர்த்துகிறார்கள். அறுவைச் சிகிச்சை நடக்கும்போதும் மூளைக்கும் கால்களுக்கும் இடையே மின்குறிகள் ஒழுங்காகப் போய் வருகின்றனவா என்று கருவி வைத்துக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். சில வேளைகளில் மயக்கத்தைக் குறைத்து, பாதத்தை அசை என்று நடுவில் சொல்லிப் பார்ப்பதும் உண்டு. அதையும் அவளிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். அப்போது அவளுக்கு வலி தெரியாது, பின்னால் பெரும்பாலும் நினைவிலும் இருக்காது.

இப்போதே தொடங்க வேண்டியது மூச்சுப் பயிற்சி. வளைவு இந்த அளவுக்குப் போனால் நுரையீரல் விரிய இடம் குறைந்துவிடும். மூன்று பந்து வைத்த ஊதுகருவி மருந்துக்கடைகளில் கிடைக்கும். பெயர்தான் ஊதுகருவி; உண்மையில் ஊதக் கூடாது, மெதுவாக உறிஞ்சிப் பந்தை மேலேயே நிறுத்தப் பழக வேண்டும். அடுத்து இரத்தம். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஒரு நாளும் விடாமல் கொடுங்கள். முருங்கைக்கீரையும் கருப்பட்டியும் நல்லவைதான், ஆனால் மாத்திரைக்கு அவை ஈடாகா. மாத்திரை போட்ட கையோடு தேநீர் குடித்தால் சத்து உடம்பில் சேராது. மெலிந்த பிள்ளையென்றால் முட்டை, சாளை மீன், பயறு என்று எடை கூடுகிற மாதிரி கொடுங்கள். சொத்தைப் பல்லோ முதுகில் பருவோ இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்; கம்பி வைக்கும்போது உடம்பில் எங்கும் கிருமித்தொற்று இருக்கக் கூடாது.

தென்காசி அம்மா:

என் மகனுக்கு ஹாலோ போட்டிருந்தார்கள், அதனால் அந்த வாரங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வளையத்தை மண்டையோட்டில் ஊசி போன்ற சிறு ஆணிகளால் மயக்கம் கொடுத்துத்தான் பொருத்துகிறார்கள். முதல் சில நாட்கள் தலைவலியும் ஆணி இருக்கும் இடங்களில் குத்தலும் இருக்கும்; பிறகு பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். எடையைச் சிறிது சிறிதாகத்தான் ஏற்றுவார்கள். படுக்கையிலேயே கட்டிப்போடுவார்களோ என்று நான் பயந்தேன். அப்படியில்லை: சக்கர நாற்காலியிலும் நடைச்சட்டத்திலும் அதே எடையைத் தொங்கவிட்டு, உட்காரவும் நடக்கவும் விடுகிறார்கள். செவிலியர் நாள்தோறும் கண்ணை உருட்டச் சொல்லி, நாக்கை நீட்டச் சொல்லி, கைப்பிடியையும் கால்விரலையும் பார்ப்பார்கள். பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, கை கால் மரத்தாலோ, நடு இரவானாலும் உடனே சொல்ல வேண்டும் என்று பிள்ளையிடம் அழுத்திச் சொல்லிவையுங்கள்; எடையைக் குறைத்துச் சரிசெய்ய அவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

பெண் பிள்ளைக்கு முடி பெரிய கவலையாக இருக்கும். ஆணி பொருத்தும் இடங்களில் மழித்தால் எவ்வளவு மழிப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டு அவளிடம் சொல்லுங்கள். முடியைக் குட்டையாக வெட்டுவதா வேண்டாமா என்று அவளே தீர்மானிக்கட்டும். தலைவழியே போடும் உடை எதுவும் உதவாது. முன்பக்கம் முழுவதும் பட்டன் வைத்த தளர்வான சட்டைகளை ஊரிலேயே தைத்து எடுத்துக்கொண்டு போங்கள். அவளுக்குப் பிடித்த துணியாக அவளே எடுக்கட்டும். துணைக்கு இருப்பவர்களுக்கும் மாற்று ஆள் வேண்டும். அக்காள் ஒருத்தியே எல்லா இரவும் விழித்திருந்தால் பிள்ளையின் மேல்தான் எரிந்து விழ நேரும்.

பொருநைக்கரைப் பெண்:

எனக்கு 16 வயதில் இதே நோய்க்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. இன்று கல்லிடைக்குறிச்சியிலிருந்து நாள்தோறும் திருநெல்வேலிக்குப் பேருந்தில் வேலைக்குப் போய் வருகிறேன். உங்கள் மருமகள் ஏன் எதுவும் கேட்பதில்லை என்று எனக்குத் தெரிகிறது. தான் கேட்டால் அம்மா அழுவாள் என்று அவளுக்குத் தெரியும். அம்மாவை அழவைக்கக் கூடாது என்பதற்காகவே வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். ஆகவே அக்காள் இல்லாத நேரத்தில் நீங்கள் அவளோடு தனியாகப் பேசுங்கள். தாய்மாமன் என்ற உரிமையில் இன்னொன்றும் செய்யுங்கள்: வீட்டுக்கு வந்து கலியாணப் பேச்சை எடுக்கிறவர்களை, அவள் பார்த்திருக்கும்போதே, அந்தப் பேச்சு இந்த வீட்டில் வேண்டாம் என்று நிறுத்துங்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன் எனக்கு யார் செய்த உதவியையும்விட என் பெரியப்பா அப்படி ஒரு தடவை பேசியதுதான் பெரிது. முதுகில் கம்பி வைத்துக்கொண்ட பெண்கள் கலியாணம் செய்துகொள்கிறார்கள், பிள்ளையும் பெறுகிறார்கள். பிரசவத்தின்போது முதுகில் மயக்க ஊசி போடுவது கடினமாகலாம் என்பதால் மயக்க மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும், அவ்வளவே.

கூன் அவள் ஏதோ தப்பாக உட்கார்ந்ததாலோ புத்தகப்பை சுமந்ததாலோ வந்ததல்ல என்பதையும் யாராவது ஒருவர் அவளிடம் சொல்லியாக வேண்டும். "நிமிர்ந்து உட்கார்" என்று அதட்டியே வளர்த்த வீடுகளில், எல்லாம் தன் குற்றம் என்றே பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

வீடு திரும்பிய பிறகு குனிவது, முறுக்குவது, எடை தூக்குவது ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் மாதங்கள்வரை விலக்க வேண்டும். எனவே குடம் தூக்குவதும் கோலம் போடுவதும் கூடாது. பாயை விட்டுவிட்டு, கால் தரையில் படும் உயரமுள்ள கட்டிலைப் போடுங்கள்; முதுகைத் திருப்பாமல் உடம்பு முழுவதையும் சேர்த்து உருண்டு ஒருக்களித்து எழுவதற்கு மருத்துவமனையிலேயே பழக்குவார்கள். குத்தவைக்கும் கழிப்பறையானால் கமோடு நாற்காலி ஒன்று கட்டாயம் வாங்கிவிடுங்கள். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும். பெண் பிள்ளைகள் வெட்கப்பட்டு வெளியே சொல்லமாட்டார்கள். தாமிரபரணியில் குளிப்பதற்குப் புண் முழுவதும் ஆறி மருத்துவர் அனுமதி தரும்வரை பொறுக்க வேண்டும். காய்ச்சல், தையலில் நீர்க்கசிவு, காலில் புதிதாகப் பலவீனம், சிறுநீர் கட்டுக்குள் நில்லாமை, இவற்றில் எது தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்த சில நாட்களில் காரணமே இல்லாமல் அழுகை வரும். அப்போது அறிவுரை சொல்லாமல் பக்கத்தில் இருந்தால் போதும்.

அம்பை தாய்மாமன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை அவளைத் தனியே ஆற்றங்கரைக்கு அழைத்துக்கொண்டு போய்ப் பேசினேன். "வளையத்தோடு தூங்க முடியுமா மாமா?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. அது எல்லாமே அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மருத்துவர் அக்காளிடம் சொன்னபோது கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள். மறுபடி போகும்போது கேட்பதற்குக் கேள்விகளை எழுதத் தொடங்கிவிட்டாள். இனிப் பள்ளிக்கூடத்துக்கும் பணத்துக்கும் என்ன வழி என்றுதான் பார்க்க வேண்டும்.

நெல்லை வாத்தியார்:

ஐயா, அந்த இரண்டையும் நான் சொல்கிறேன். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். பிள்ளையின் பெயர் குடும்ப அட்டையில் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹாலோவோடு தங்கும் வாரங்களும் உள்ளே வைக்கும் கம்பி, திருகாணிகளின் விலையும் திட்டத்தில் அடங்குமா என்பதை, சேர்வதற்கு முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இரத்தம் கொடுக்க 18 வயது நிறைந்த, 45 கிலோவுக்குக் குறையாத உறவினர்களை இப்போதே பேசிவைப்பது நல்லது.

பள்ளியில் தலைமையாசிரியரிடம் மருத்துவச் சான்றுடன் கடிதம் கொடுத்து, வருகைக்குறைவுக்கு விலக்கு கேளுங்கள். பொதுத்தேர்வில் நெடுநேரம் உட்கார முடியாத நிலை வந்தால், சொல்வதை எழுதுபவருக்கும் கூடுதல் நேரத்துக்கும் பள்ளி வழியாகவே முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். கடைசி வாரத்தில் கேட்டால் கிடைப்பது அரிது. மார்ச் தேர்வு தவறினாலும் துணைத்தேர்வு இருக்கிறது. எதை எழுதுவது என்பதை அவளிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். ஹாலோ வாரங்களில் படிப்பதற்கு, புத்தகத்தைக் கண்ணுக்கு நேராக நிறுத்தும் சாய்வுப் பலகை ஒன்று வேண்டும். எங்கள் பள்ளியில் ஒன்று சும்மா இருக்கிறது, தனிச்செய்தியில் முகவரி தந்தால் அம்பைப் பேருந்தில் கொடுத்தனுப்புகிறேன்.