வாசல்ல இருக்கிற 'லோகோ பைலட்' பலகையைக் கழட்டலாமா?

லைன்பாக்ஸ்:
வணக்கங்க. ஈரோட்டுல இருந்து எழுதறேன். 1996-ல ரயில்வேல அசிஸ்டென்ட் டிரைவரா சேர்ந்தேன். கூட்ஸ், பாசஞ்சர், மெயில்னு 28 வருஷம். 2024-ல, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா நடக்குற மெடிக்கல்ல, வலது கண்ணுல கிளாக்கோமான்னு தெரிஞ்சுது. பக்கப் பார்வை குறைஞ்சிருச்சு. இன்ஜின் ஓட்ட வேணுங்கிற ஏ-1 மெடிக்கல் தகுதி போச்சு. இன்ஜின்ல இருந்து இறக்கி லாபியில, அதான் டிரைவருங்க டூட்டிக்கு வந்து பதிவு பண்ற ஆபீஸ்ல, கிளார்க் வேலை குடுத்துட்டாங்க. யார் மேலயும் கோபமில்லைங்க. வண்டி நிறைய ஜனத்தை ஏத்திக்கிட்டு அரைக் கண்ணோட போக முடியுமா?

ஆனா உடம்பு ஒத்துக்க மாட்டேங்குது. ராத்திரி தூக்கத்துல என் கட்டைவிரல் கட்டில் விளிம்பை அழுத்திக்கிட்டே இருக்குதாம், வீட்டுக்காரம்மா சொல்றாங்க. இன்ஜின்ல 60 வினாடி எதையும் தொடாம இருந்தா விளக்கு எரியும், அப்புறம் கத்தும், அதுக்கும் பட்டனை அழுத்தலைன்னா பிரேக் தானா விழும். அந்தப் பழக்கம். போன வாரம் பையனோட பைக்ல பின்னாடி போறப்ப, இன்ஜின்ல சிக்னலைப் பார்த்துச் சொல்ற மாதிரி "ஸ்டார்டர் கிரீன்"னு சத்தமாச் சொல்லிட்டேன். அவன் சிரிச்சான். எனக்கு வரலை.

விஷயத்துக்கு வர்றேன். வீடு கட்டினப்ப வாசல்ல ஸ்டீல் பலகை மாட்டினேன். பேரு, கீழ 'லோகோ பைலட், தெற்கு ரயில்வே'. கூரியர் தம்பி அதைப் படிச்சுட்டு "சார் எந்த வண்டி ஓட்டறீங்க?"ன்னான். "மெயில்"னுட்டேன். அன்னிக்கு பூரா சோறு இறங்கலை. கழட்டிரலாமா? கழட்டினா அங்க என்னன்னு எழுதறது?

பட்டாணிக்கடலை:
'ஓய்வு'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துடுங்க சார், முடிஞ்சுது.

லைன்பாக்ஸ்:
இன்னும் சர்வீஸ் இருக்குங்களே!

பச்சைக்கொடி:
தம்பி, நான் ரயிலோட கடைசிப் பெட்டியில கொடி காட்டற கார்டா இருந்தவன். 2022-ல ஒரு ஆர்டர் வந்துச்சு, "இனிமே நீங்க டிரெயின் மேனேஜர்"னு. மறுநாளும் அதே பிரேக்வேன், அதே கொடி, அதே வெயில். நீங்க சேர்ந்தப்ப டிரைவர்னுதானே கூப்பிட்டாங்க? லோகோ பைலட்ங்கிறதே நடுவுல ஆபீஸ் வச்ச பேரு. வச்சவன் எடுத்துட்டான். அதை ஏன் தோல் மாதிரி ஒட்டிக்கிட்டு அலையறீங்க? ஓய்வுக்கப்புறம் எனக்கும் ஆறு மாசம் பைத்தியம் பிடிச்ச மாதிரிதான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை.

ரன்னிங்ஸ்டாஃப்_வீடு:
அண்ணா, உங்க வீட்டம்மா பக்கத்துல இருந்தும் யோசிங்க. என் வீட்டுக்காரரும் லைன்லதான். தீபாவளிக்கு அவர் வீட்ல இருந்தது எத்தனைன்னு ஒரு கை விரல்ல எண்ணிடுவேன். இப்ப நீங்க தினம் சாயங்காலம் வீட்ல இருக்கீங்க, சர்க்கரை டப்பா எங்க இருக்குன்னாவது தெரியுமா? பலகைய அப்புறம் பாருங்க.

ஏஎல்பி_புதுசு:
சார், நான் அசிஸ்டென்டா சேர்ந்து ஒன்றரை வருஷம். எங்க லாபியிலயும் உங்களை மாதிரி இறங்கின ஒரு பெரியவர் இருக்கார். ஊதிக் காட்டற மெஷின் குடிச்சிருக்கோமான்னு மட்டும்தான் சொல்லும். அவர் மூஞ்சியப் பார்த்தே "எத்தனை மணி நேரம் தூங்கினே?"ன்னு கேப்பார். பொய் சொல்ல முடியாது. மொரப்பூர் தாண்டி ராத்திரி மழையில எப்படிப் போகணும்னு அவர் சொன்னது எனக்கு எந்த வகுப்புலயும் கிடைக்கலை. அவரும் கிளார்க்தான் சார். எங்களுக்கு அப்படித் தெரியலை.

லைன்பாக்ஸ் (பத்து நாள் கழிச்சு):
எல்லாருக்கும் நன்றிங்க. சர்க்கரை டப்பா தெரியும்மா, டீத்தூள்தான் தெரியலை.

நேத்து ராத்திரி ஒரு பையன் டூட்டிக்கு சைன் ஆன் பண்ண வந்தான். மெஷின்ல சுத்தமா ஊதினான். கண்ணு ரெண்டும் மிளகாய்ப்பழம். என்னப்பான்னு கேட்டா, பிறந்து இருபது நாள் ஆன குழந்தையாம், மூணு நாளா தூக்கமில்லை. சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். அவருக்கு எரிச்சல்தான், இருந்தாலும் வேற ஆளுக்கு போன் போட்டார். பையன் பெஞ்சிலயே தூங்கிட்டான். ஷூவைக்கூடக் கழட்டலை.

பலகை: நாலு ஸ்க்ரூல மூணு வந்துருச்சு. நாலாவது துருப்பிடிச்சு அசைய மாட்டேங்குது. ஒரு பக்கமா சாஞ்சு தொங்குது. மண்ணெண்ணெய் விட்டா வரும்ங்கறாங்க. யாராவது விட்டுப் பார்த்திருக்கீங்களா?