காஸ்ட் அயர்ன் புல்லட் பாபர்: பேட்டரியை எங்கே மாற்றி வைப்பது?

காஸ்ட்அயர்ன்_ரசிகன்

வணக்கம் நண்பர்களே. வண்டி காஸ்ட் அயர்ன் இன்ஜின் வைத்த பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட் 350. 12 வோல்ட், கிக் மட்டும், பாயிண்ட் இக்னிஷன் (சிறு சுவிட்ச் மூடித் திறந்து ஸ்பார்க் தருவது). பாபராக மாற்றிக்கொண்டிருக்கிறேன்: ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட், குட்டையான பின் மட்கார்டு. இரண்டு பக்க டூல் பாக்ஸையும் கழற்றிவிட்டு நடு முக்கோணம் காலியாகத் தெரிய வேண்டும் என்று ஆசை. இப்போது இருப்பது 5.5 ஏ.எச். (ஆம்பியர்-மணி) ஆசிட் பேட்டரி.

மூன்று இடம் யோசித்தேன். கியர் பாக்ஸுக்குக் கீழே தொங்கவிடலாம். பின் சக்கரத்தோடு ஏறி இறங்கும் ஸ்விங் ஆர்ம் மேலே தட்டு வெல்டு பண்ணி வைக்கலாம். இல்லாவிட்டால் சீட்டுக்கு அடியில், மட்கார்டுக்கு முன்னால். எது சரி? வயர் எவ்வளவு கனம் வேண்டும்? லித்தியம் போட்டால் இடம் மிச்சமாகுமே, போடலாமா?

பட்டறை_மேசை

கியர் பாக்ஸுக்குக் கீழே வேண்டாம் தம்பி. புல்லட்டில் இன்ஜினுக்கு அடியில் குழாயே ஓடாது, இன்ஜினே ஃப்ரேமில் ஒரு பாகம். அங்கே தொங்கும் பெட்டிதான் வேகத்தடையில் முதலில் இடிக்கும், சேற்றையும் முதலில் வாங்கும்.

ஸ்விங் ஆர்ம் மேலே வைப்பது அதைவிட மோசம். ஷாக் அப்சார்பர் வாங்க வேண்டிய அடியெல்லாம் நேராகப் பேட்டரிக்குப் போகும். ஈயத் தகட்டில் இருக்கும் பசை உதிர்ந்து அடியில் சேர்ந்தால் செல் ஷார்ட் ஆகிவிடும். வயரும் ஒவ்வொரு குழிக்கும் மடங்கி, லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) கழுத்தில் இழை இழையாக அறும்.

மூன்றாவது இடம்தான் சரி. ஆனால் ஆசிட் பேட்டரியை அங்கே கொண்டுபோகாதீர்கள். வென்ட் குழாய் எங்காவது நசுங்கினால் ஆசிட் கசிந்து ஃப்ரேம் பெயின்டையும் செயினையும் அரிக்கும். சீல் வைத்த ஈய பேட்டரியான வி.ஆர்.எல்.ஏ., 12 வோல்ட் 4 ஏ.எச். போதும். அளவு ஏறத்தாழ 113 × 70 × 105 மி.மீ. பக்கவாட்டில் படுக்கவைத்தாலும் ஒழுகாது. தலைகீழாக மட்டும் வைக்கக் கூடாது.

பேட்டரி உட்காரும் ட்ரேவுக்குத் தகடு வெட்டுவதற்கு முன் அதே அளவில் தெர்மாகோல் கட்டை ஒன்று வெட்டி இடத்தில் வைத்துப் பாருங்கள். பலரும் வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது அளந்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். அந்த அளவு பொய். இரண்டு ஷாக்கிலிருந்தும் ஸ்பிரிங்கைக் கழற்றி, வெறும் டாம்பரை மட்டும் திரும்ப மாட்டி, பம்ப் ரப்பர் முட்டும்வரை வண்டியை இறக்குங்கள். பின் சக்கரத்தைச் செயின் அட்ஜஸ்டரில் எவ்வளவு முன்னால் வருமோ அவ்வளவு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். புதுச் செயின் போடும்போது சக்கரம் அங்கேதான் நிற்கும். மட்கார்டு சக்கரத்தோடு ஏறி இறங்கும்படி வைத்திருந்தால் டயரைப் பார்த்துப் பயனில்லை, மட்கார்டிலிருந்து அளக்க வேண்டும். கட்டையின் பின்பக்கம் கொஞ்சம் சப்பாத்தி மாவை ஒட்டிப் பாருங்கள், எங்கே நசுங்குகிறது என்று அதுவே சொல்லும். குறைந்தது 20 மி.மீ. இடைவெளி இல்லாவிட்டால் பேட்டரியைக் குறுக்காகத் திருப்பி வைக்க வேண்டியதுதான்.

ட்ரே 2 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகடு அல்லது 3 மி.மீ. அலுமினியம். அடியில் 3 மி.மீ. ரப்பர், தண்ணீர் வடிய 8 மி.மீ. துளை இரண்டு. ஃப்ரேம் குழாயில் வெல்டு வைக்காதீர்கள். சைக்கிள் ட்யூப் துண்டு சுற்றி, கிளாம்ப் போட்டு அதிர்வில் கழலாத நைலாக் நட்டால் பிடியுங்கள். வெல்டு தேவைப்படாத வேலைக்கு ஃப்ரேமைச் சூடாக்குவானேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவையும் நினைவில் வையுங்கள், ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கிளாம்ப் என்றால் எப்போது வேண்டுமானாலும் பழையபடி ஆக்கலாம்.

வயரிங்_பெட்டி

இடத்தைப் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் பேட்டரி மாற்றிய பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பாதி வயரிலும் எர்த்திலும்தான் (மைனஸ் ஃப்ரேமோடு சேரும் இணைப்பு).

முதலில் கணக்கு. பாயிண்ட் மூடியிருக்கும்போது இக்னிஷன் காயில் 3 முதல் 4 ஆம்பியர் இழுக்கும். பிரேக் லைட்டும் டெயிலும் சேர்ந்து 2, இரண்டு இண்டிகேட்டர் பல்பு கிட்டத்தட்ட 1.7, ஹார்ன் 3 அல்லது 4. ஹெட்லைட் ஏசியில் ஓடுகிறது என்றால் இதில் சேராது. எல்லாம் ஒன்றாக ஓடினாலும் 12 ஆம்பியரைத் தாண்டாது. 2.5 சதுர மி.மீ. தாமிர வயர், 15 ஆம்பியர் பியூஸ். அந்த வயரில் மீட்டருக்கு 7 மில்லிஓம்; 2 மீட்டரில் 10 ஆம்பியர் போனால் 0.14 வோல்ட் குறையும். அது பரவாயில்லை. 1 சதுர மி.மீ. வயர் போட்டால் 0.35 வோல்ட் போய்விடும். பேட்டரி இறங்கிக் கிடக்கும் நாளில் கிக் அடிக்கும்போது அந்த இழப்பு ஸ்பார்க்கில் தெரியும்.

வீட்டு வயரிங்குக்கு வாங்கும் பி.வி.சி. வயர் வேண்டாம், சிலிண்டர் சூட்டில் தோல் இளகும். ஆட்டோமொபைல் வயர், 105 டிகிரி தாங்குவது. பியூஸ் பிளஸ் டெர்மினலிலிருந்து 15 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். பியூஸுக்கு முன்னால் இருக்கும் வயர் ஃப்ரேமில் உரசினால் அதைக் காப்பாற்ற எதுவும் இல்லை. லக்கை இடுக்கியால் நசுக்கிக் கிரிம்ப் பண்ணுங்கள், சால்டர் வைக்காதீர்கள்: ஈயம் இழைகளுக்குள் ஊறி அந்த இடம் கம்பியாக விறைத்துவிடும், ஒற்றை சிலிண்டர் அதிர்வில் சரியாக அங்கேதான் முறியும்.

எர்த் ஒன்று போதாது. பேட்டரி மைனஸிலிருந்து ஃப்ரேமுக்கு ஒன்று, இன்ஜின் போல்ட்டுக்கு ஒன்று. பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. லக் உட்காரும் வட்டத்தை உலோகம் பளபளக்கச் சுரண்டி, ஸ்டார் வாஷர் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். சோதனைக்கு இக்னிஷனைப் போட்டு, பாயிண்ட் மூடிய நிலையில் பிரேக்கை மிதித்தபடி, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையை சிலிண்டர் ஹெட் நட்டிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைத் திரும்பச் சுரண்ட வேண்டும்.

காஸ்ட்அயர்ன்_ரசிகன்

நன்றி அண்ணா. தெர்மாகோல் கட்டை வைத்துப் பார்த்தேன். நிற்க வைத்தால் சீட் தகட்டுக்கும் பேட்டரி தலைக்கும் நடுவே 18 மி.மீ. இருக்கிறது. போதுமா?

பட்டறை_மேசை

போதாது. சீட் ஸ்பிரிங் ஆள் உட்கார்ந்ததும் இறங்கும், குழியில் இன்னும் இறங்கும். தகடு நேராகப் பிளஸ் டெர்மினலில் போய் உட்கார்ந்தால் மொத்தப் பேட்டரியும் ஃப்ரேமில் ஷார்ட். பியூஸ் இருந்தும் பலனில்லை, ஷார்ட் அதற்கு முன்னாலேயே நடக்கிறது. தீப்பிடிக்கும். பேட்டரியைப் படுக்கவைத்து 35 மி.மீ. உயரம் மீதப்படுத்துங்கள், டெர்மினல் இரண்டும் பக்கவாட்டைப் பார்க்கட்டும். பிளஸ்ஸுக்கு ரப்பர் மூடி, சீட் தகட்டின் அடியில் 3 மி.மீ. ரப்பர் ஷீட் இரண்டும் போடுங்கள். பிறகு சீட்டில் இரண்டு பேரை உட்காரவைத்து இடைவெளியைக் கையால் தடவிப் பாருங்கள்.

மாட்டும்போது மைனஸ் கடைசி, கழற்றும்போது மைனஸ் முதலில். ஸ்பேனர் ஃப்ரேமில் பட்டாலும் பொறி வராது.

டைனமோ_தாத்தா

லித்தியம் பற்றி யாரும் சொல்லவில்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்குச் சார்ஜிங் 14.4 வோல்ட் அளவில் நிற்க வேண்டும், 14.6-ஐத் தாண்டக் கூடாது. பழைய புல்லட்டில் ரெகுலேட்டர் (சார்ஜிங் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்துவது) மூப்படைந்திருந்தால் 15-க்கு மேல் போகும். அப்போது பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட் சட்டென்று தொடர்பைத் துண்டிக்கும். ஓடும் இன்ஜினில் பேட்டரி துண்டானால் வோல்ட்டேஜ் எகிறி பல்புகள் போகும், பாயிண்ட் இக்னிஷன் தடுமாறும். டெர்மினல் லூசானாலும் இதே கதிதான். ஆகவே முதலில் வி.ஆர்.எல்.ஏ. போட்டு, நடுத்தர வேகத்தில் இன்ஜினை ஓடவிட்டுப் பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் நின்றால் பிறகு லித்தியத்தை யோசிக்கலாம். கிக் வண்டிக்கு அது மிச்சப்படுத்துவது ஒரு கிலோ சொச்சம் எடைதான், என் கணக்கில் அந்தப் பணத்துக்கு நல்ல ரெகுலேட்டர் வாங்கலாம்.

ரெகுலேட்டரையும் சீட்டுக்கு அடியில் ஒளித்துவிடாதீர்கள். அதற்குக் காற்று வேண்டும், உலோகத்தோடு ஒட்டிய எர்த் வேண்டும்.

டூல் பாக்ஸோடு ஏர் ஃபில்டரும் போகிறது என்றால் மிக்கார்ப் கார்புரேட்டரில் மெயின் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளை) ஒன்றிரண்டு படி ஏற்ற வேண்டிவரும். அது தனி வேலை, பேட்டரி முடிந்த பிறகு பாருங்கள்.

எல்லாம் மாட்டியதும் ஹெட்லைட் மேலே உள்ள அம்மீட்டரைக் கவனியுங்கள். இன்ஜின் ஓடாமல் இக்னிஷனைப் போட்டு கிக்கரை மெல்ல இறக்கினால், பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். அசையவே இல்லை என்றால் பியூஸையும் எர்த்தையும் பாருங்கள். பிளஸ் பக்கம் சாய்ந்தால் பேட்டரி டெர்மினலைத் தொடுவதற்கு முன் மைனஸ் ஃப்ரேமுக்குத்தான் போகிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் அம்மீட்டருக்குப் பின்னால் உள்ள இரண்டு வயரையும் இடம் மாற்றினால் போதும். பேட்டரியைத் திருப்பிப் போட்டீர்களானால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் அந்த நொடியே போய்விடும்.