மறுமொழி: சங்கக் கட்டடத்துக்கு பெயிண்ட், 4 லட்சம் நிதி

துபாயிலிருந்து:

அஸ்ஸலாமு அலைக்கும்.

நம் ஊர்ச் சங்கக் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிக்க 4 லட்சம் நிதி கேட்டு வந்த மடலைப் பார்த்தேன். என் பங்கு தயார். ஆனால் அந்தப் பணம் பெயிண்டுக்குப் போகக் கூடாது. காக்காமார் (அண்ணன்மார்) கோபப்படாமல் முழுக்கப் படிக்க வேண்டும்.

போன வாரம் லாத்தா (அக்கா) ஊருக்குப் போயிருந்தார். மக்தபில் குர்ஆன் ஓத வரும் பிள்ளைகள் உட்காருகிற திண்ணைக்கு மேலே, சன்ஷேடிலிருந்து முறம் அகலத்துக்குக் காங்கிரீட் பெயர்ந்து விழுந்து கிடந்ததாம். பிள்ளைகள் வராத நேரம், அல்லாஹ் காப்பாற்றினான். படம் அனுப்பியிருக்கிறார். கம்பி துருவேறிப் பொருக்குப் பொருக்காக உரிகிறது. கம்பி துருவாக மாறினால் பல மடங்கு பருக்கும், அந்த நெருக்கலில்தான் காங்கிரீட் வெடித்துக் கழல்கிறது. அதன் மேல் எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் விரிசல் கண்ணுக்கு மறையும். துரு உள்ளே வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

கடல் காற்று படும் காங்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடியிருக்க வேண்டும் என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. படத்தில் ஒரு விரல் கனம்கூட இல்லை. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் துருவைச் சோதிப்பதற்கென்றே பாம்பன் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. நம் தெருவில் அடிப்பதும் அதே உப்புக் காற்றுதான். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் வண்டியை நிறுத்தியதும் இந்தத் துருவால்தான். மாடி எடுத்தபோது மணல் ஆற்றிலிருந்து வந்ததா கடற்கரையிலிருந்து வந்ததா என்ற பழைய பஞ்சாயத்தை நான் இங்கே கிளறவில்லை.

கீழ்க்கட்டு வேறு கதை. அது பவளக்கல்லும் சுண்ணாம்புக் காரையும். வடக்குச் சுவர் கறுத்துக் கிடப்பது பாசி. தெருப்பக்கம் இடுப்பளவுக்கு மாவாக உதிர்வது உப்பு. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. காண்டிராக்டர் கொட்டேஷனில் எல்லாச் சுவருக்கும் பிரஷர் வாஷர், பிறகு பட்டிப் பூச்சு, பிரைமர், எமல்ஷன் என்று இருக்கிறது. சுண்ணாம்புக் காரையில் அந்த வேகத்தில் தண்ணீரை அடித்தால் காரையும் போகும், தண்ணீர் கல்லுக்குள்ளும் இறங்கும். பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த நாளில் உலர்ந்த நார்ப் பிரஷால் தேய்த்து, கீழே சாக்கு விரித்து, விழுந்த தூளை அள்ளித் தூரக் கொட்ட வேண்டும். இதை ஒரு தடவை செய்து விட்டுவிட முடியாது, பூக்கப் பூக்கத் தேய்க்க வேண்டும்.

பாசிக்கும் முதலில் நார்ப் பிரஷ்தான். போகாத இடத்தில் மட்டும் தெளிந்த பிளீச்சிங் பவுடர் தண்ணீர், அதுவும் ஜன்னல் கம்பியிலும் சன்ஷேடு கம்பியிலும் படாமல். ஆசிட் பக்கமே போகக் கூடாது. ஆசிட் சுண்ணாம்பைத் தின்னும், பிளீச்சிங்கோடு கலந்தால் வருகிற குளோரின் புகை ஆளையே சாய்க்கும். எந்த வேலைக்கும் சங்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அது உப்பு. காவிரித் தண்ணீர் வராத நாளில் லாரித் தண்ணீர் வாங்கலாம்.

போன தடவை அடிச்சுவரில் சிமெண்ட் பூசினார்களே, லாத்தா அனுப்பிய படத்தில் பாருங்கள், பூசிய இடத்துக்கு நேர் மேலே புதிதாக உப்பு ஏறியிருக்கிறது. சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது, ஈரம் மேலே வழி தேடும். எமல்ஷனும் அதையேதான் செய்யும். தெருவில் சிமெண்ட் ரோடு உயர்ந்த பிறகு சுவரோரம் மழைத்தண்ணீர் தேங்குகிறது. வடக்குப் பக்கம் மாடித் தண்ணீர்க் குழாய் உடைந்து சுவரிலேயே வடிகிறது. பாசி அங்கேதான் அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே என் வேண்டுகோள்: சன்ஷேடு இன்றைக்கே. தொளதொளத்த காங்கிரீட் அத்தனையும் கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, இற்றுப்போன கம்பியை மாற்றித் திரும்பப் பூச வேண்டும். குழாயும் சுவரோர வாய்க்காலும் ஐப்பசி மழைக்கு முன்னால் முடிய வேண்டும். நிறம் தைக்குப் பிறகு, சுவர் காய்ந்ததும், சுண்ணாம்பு வெள்ளைதான். பவளக்கல்லை இனி எடுக்கவே முடியாது. 2001-லிருந்து பவளம் வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. உதிர்ந்த கல்லுக்கு மாற்றுக் கல் கிடைக்காது.

கோலாலம்பூரிலிருந்து:

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. படித்தேன். நீ சொல்லும் வேலையை நான் மறுக்கவில்லை. ஆனால் பெருநாளைக்கு வெளியூர்ச் சம்பந்திகள் வந்து நிற்கும்போது பக்கத்து ஊர்க் கட்டடம் பளிச்சென்று இருக்க, நம்முடையது கறுத்துக் கிடப்பதை நீ பார்த்ததில்லை. எனக்கு அது நெஞ்சில் குத்துகிறது. தை வரைக்கும் அப்படியே விடச் சொல்கிறாயா?

சுண்ணாம்பு என்றால் சம்மதம். கிளிஞ்சலைச் சுட்டுக் குழியில் நீற்றி, துணியில் வடிகட்டி, நீலம் கொஞ்சம் போட்டு, மட்டையை நசுக்கிப் பிரஷாக்கி எங்கள் வாப்பா அடித்த சுவர் அது. சுவரை நனைத்துவிட்டுத் தண்ணீர் மாதிரி மெல்லிசாக அடிக்க வேண்டும், கெட்டியாக அடித்தால் உரிந்துவிடும் என்று திட்டுவார். அந்தப் பக்குவம் தெரிந்த கொத்தனார் இப்போது யார் இருக்கிறார்? அதை முதலில் விசாரி.

மணல் விஷயத்தைக் கிளறவில்லை என்று எழுதுவதே கிளறுவதுதான். அது வைகை மணல். ரசீது எங்கள் உம்மாவின் பெட்டியில் இருக்கிறது. வாப்பா மௌத்தாகிப் போன பிறகும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பது நியாயமில்லை.

தம்மாமிலிருந்து:

ரசீது இருந்தால் படமெடுத்துக் குழுவில் போடுங்கள் மாமா, அதோடு அந்தப் பேச்சு முடியட்டும். போன வெள்ளையடிப்பின் மீதிப் பணம் எந்தக் கணக்கில் கிடக்கிறது என்று பொருளாளர் இதுவரை பதில் சொல்லவில்லை. அந்த மீதியை முதலில் சன்ஷேடுக்கு எடுக்கலாம். என் பங்கை இன்று அனுப்புகிறேன், ரசீதில் சன்ஷேடு, குழாய், வாய்க்கால் என்று தனித்தனியாக எழுத வேண்டும். பெயிண்ட் என்று எழுதினால் திருப்பிக் கேட்பேன்.

அப்புறம், அந்தத் திண்ணையைக் கயிறு கட்டி அடைத்தாயிற்றா? ஊரில் இருக்கிற யாராவது இன்றிரவே பார்த்துச் சொல்லுங்கள். காலையில் ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகள் ஓத வந்துவிடுவார்கள்.